மிஷினுக்கு முன்னால் வந்துவிட்ட மனிதர்

வேலை தேடுகிறவனுக்கென்று ஒரு முகம் உண்டு. சவரம் தள்ளிப்போன தாடை, தெரிந்தவர் எதிரே வந்தால் அடுத்த சாரிக்குத் தாவும் கால், ‘ஏதாவது அமைஞ்சுதா?’ என்று கேட்டவுடன் தரையைப் பார்க்கும் கண். இந்த லட்சணங்களில் ஒன்றுகூட இல்லாமல், ஏதோ உலகம்தான் தன்னிடம் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது என்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலை தேடிய ஒரே மனிதரை நான் பார்த்திருக்கிறேன். செஞ்சியில் அவருக்குப் பெயர் ஆமா-இல்லை.

ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. பங்குச் சாமியாரையும், நைனா என்று அவர் கூப்பிடும் அப்பாவையும் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அறுபதுகளின் கடைசி. நான் தாலுகா ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. திண்டிவனம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மாடியில் இருந்த அறையில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். நான் ஒருவன். ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டராக இருந்த மாஜி ஹவில்தார் இன்னொருவர். அவருக்கு மீசை பெரிது, கேள்வி கேட்கும் பழக்கம் கிடையாது. மேலதிகாரி கிணற்றில் குதி என்றால் எந்தக் கிணறு என்றுகூடக் கேட்காமல் குதிக்கிற ஜாதி. மூன்றாவதாக ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர்தான் நம்ம ஆமா-இல்லை.

பக்கத்து கிராமத்து விவசாயக் குடும்பம். கணக்கில் பி.எஸ்சி. தூரத்துச் சித்தப்பா ஒருவர் பம்பாய்க்கு அழைத்துப் போய் ஒரு மில் ஆபீசில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு ராட்சசக் கணக்கு மிஷின் இருந்தது. அது படிப்பதற்காக அட்டையில் ஓட்டை போடும் வேலையில் ஆரம்பித்து, மிஷினுக்கே உத்தரவு எழுதிக் கொடுக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து மில்லில் கதவடைப்பு. மிஷினை நிறுத்தினார்கள், இவரை அனுப்பினார்கள்.

வந்த அன்று பெட்டியைத் திறந்தார். பாதிப் பெட்டி துணி, பாதிப் பெட்டி ஓட்டை போட்ட அட்டை. வாடகை விஷயமாக மேலே வந்திருந்த உரக்கடை முதலாளி எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“இன்னா தம்பி, கரையான் புடிச்ச அட்டையெல்லாம் மூட்டை கட்டி எடுத்தாந்துட்ட? கீழ மருந்து இருக்குது, தரட்டுமா?”

“மொதலாளி, இது கரையான் இல்ல. ஒவ்வொரு ஓட்டையும் நான் போட்டது.”

“கரையான் ஓசியிலயே போடுமே தம்பி!”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முதலாளியை உட்கார வைத்து விளக்கினார். “பத்து பீரோவை வரிசையா நிக்கவச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு மிஷின். தானா அதுக்கு ஒரு எழவும் தெரியாது. நாம சொன்னதைச் செய்யும். சொன்னதை மட்டும்தான் செய்யும். அதுக்கு ஆமா, இல்லை ரெண்டுதான் புரியும். அதுக்குப் புரியிற மாதிரி வேலையை எழுதிக் குடுக்கறவன் புரோகிராமர். நான் புரோகிராமர்.”

“அப்ப மிஷினுக்கு மேஸ்திரின்னு சொல்லு.”

“ஆமா!” என்றார் அவர், முகமெல்லாம் மலர. அவருக்கு உலகத்தில் மிகப் பிடித்த சொல் அது. அதற்கு அடுத்தபடியாகப் பிடித்த சொல் ‘இல்லை’. இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் பேசுகிற எதுவும் அவருக்குப் பிடிக்காது.

“தம்பி, ஆபீசுக்குக் கிளம்பிட்டியா?” என்று என்னைக் கேட்பார்.

“கிளம்பிக்கினே இருக்கேன் அண்ணே.”

“அப்படி ஒரு பதிலே கிடையாது. ஆமாவா, இல்லையா?”

ஒரு தடவை மெட்ராஸிலிருந்து வந்த குடும்பம் ஒன்று பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து, “கோட்டைக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டுவிட்டது. மனிதர் பேனாவை எடுத்துவிட்டார். “நீங்க நிக்கற எடத்துலேர்ந்து மலை தெரியுதா? ஆமாவா, இல்லையா?” அவர்களுக்கு முன்னால் ராஜகிரி மலை வானத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. “தெரியுது” என்றார்கள். “அது ஒரு மலையா?” “இல்லை, மூணு இருக்குது.” “சரி, கூட வயசானவங்க இருக்காங்களா?” பெரியவர் ஒருவர் கோபமாகக் கையைத் தூக்கினார். கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் அம்பு போட்டு இவர் நிமிர்வதற்குள், அந்தக் குடும்பம் ஜட்கா வண்டி பிடித்துப் போய்விட்டிருந்தது.

டீக்கடையிலும் இதே கதைதான். மிஷின் எப்படி வேலை செய்யும் என்று காட்டுவதற்காக, டீ போடுவதற்கு ஓர் உத்தரவு எழுதி டீ மாஸ்டரிடம் கொடுத்தார். “நீங்கதான் மிஷின். எழுதினதை மட்டும் செய்யணும்.” டீ மாஸ்டர் குறும்புக்காரர். தண்ணீரைக் கொதிக்க வைத்தார், தூளைப் போட்டார், பாலை விட்டார், சர்க்கரையைப் போட்டு ஆற்றினார், பிறகு அழகாகப் பெஞ்சின் மேல் ஊற்றினார். கிளாஸ் என்ற சொல் உத்தரவில் எங்கேயும் இல்லை. கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். வேட்டியிலிருந்து டீயைப் பிழிந்துகொண்டே, “பார்த்தியா தம்பி, மிஷின் பேர்ல தப்பே இல்லை” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். நாட்டில் இருந்த மிஷின்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மெட்ராஸில் இன்னும் குறைவு. மிஷின் வந்தால் பத்துப் பேர் வேலையை ஒன்றே விழுங்கிவிடும் என்று அங்கங்கே ஊர்வலம், கோஷம். ஆர்டர் கொடுத்த கம்பெனிகளும் எதற்கு வம்பு என்று ஒத்திப் போட்டன. தினமும் காலையில் வாசகசாலை திறப்பதற்கு முன்பே இவர் வாசலில் நிற்பார். பேப்பரில் டைப்பிஸ்ட் தேவை, ஸ்டோர் கீப்பர் தேவை, சமையல்காரர்கூடத் தேவை. மிஷினுக்கு மேஸ்திரி யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு தடவை விளம்பரம் வந்தது. அதில் ஐந்து வருட அனுபவம் வேண்டும் என்று போட்டிருந்தது.

“அந்தக் கம்பெனிக்கு மிஷின் வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது தம்பி” என்றார். “அவங்க எழுதின கணக்கே தப்பு. அப்ப அவங்களுக்கு நான் கண்டிப்பா வேணும்.” உடனே மனுப் போட்டார்.

தாலுகா ஆபீசில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, பரீட்சை எழுதுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “மிஷின் வந்ததும் என்னைத் தேடுவாங்க. நான் அங்க பட்டா நகல் எழுதிக்கினு உக்காந்திருந்தா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்று கேட்டார். நான் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

கவலைப்படுகிற வேலையை எல்லாம் அவருடைய நைனா ஏற்றுக்கொண்டிருந்தார். பங்குனி மாதம் ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, மாடிப்படி ஏறி, மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி நேராக விஷயத்துக்கு வந்தார்.

“நம்மூர் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் போறாரு. சாமியார் உனக்குன்னு அந்த எடத்தை வச்சிருக்காரு. ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள உன் மிஷின் வேலை வந்துச்சுன்னா நீ போ. வரலைன்னா சாக்பீஸைப் புடி.”

“வந்துடும் நைனா.”

“வந்துடும் வந்துடும்னுதான் சொல்ற. பூசைக்குப் போனா ஆளாளுக்கு ‘பையன் இன்னா பண்றான்’னு கேக்கறாங்க. இன்னான்னு சொல்றது? வராத மிஷினுக்கு வேலை சொல்லப் போறான்னு சொன்னா சிரிக்கறாங்கடா. இப்பல்லாம் கடைசியாப் போய்ட்டு மொதல்ல வந்துடறேன்.”

அவர் இதைச் சண்டை மாதிரி சொல்லவில்லை. மகன் அதற்கும், “ஜூனுக்குள்ள வந்துடும் நைனா” என்றுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து உத்தரவு எழுதிப் பழகும் வேகம் இரட்டிப்பானது. அதற்கு ஒரு மிஷின் வேண்டுமே? டிரில் மாஸ்டர் இருக்க வேறு மிஷின் எதற்கு? சொன்னதைச் செய்வார், சொன்னதை மட்டும் செய்வார்.

ஒரு சாயங்காலம் சமைக்க உப்பு இல்லை. மளிகைக்கடை நயினாரிடம் டிரில் மாஸ்டரை அனுப்ப ஓர் உத்தரவு தயாரானது. கடைக்குப் போக வேண்டும். ‘உப்பு இருக்குதா?’ என்று கேட்க வேண்டும். ‘இருக்குது’ என்றால் வாங்கிக்கொண்டு வர வேண்டும். ‘இல்லை’ என்றால் அடுத்த கடைக்குப் போக வேண்டும். இரண்டும் இல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் திரும்ப முதலிலிருந்து கேட்க வேண்டும். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிரில் மாஸ்டர் லெப்ட் ரைட் போட்டுக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நாங்கள் இருவரும் எதிர்ச் சாரியில் நின்றோம்.

நயினார் மேல்சித்தாமூர்க்காரர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்காரும் ஜைனர். அவர் குரல் உயர்ந்து பஜாரில் யாரும் கேட்டதில்லை. அப்போதுதான் விளக்கு வைத்துச் சாம்பிராணி காட்டி முடித்திருந்தார். விளக்கு வைத்த நேரத்தில் எந்தக் கடைக்காரராவது ‘இல்லை’ என்று வாயைத் திறந்து சொல்வாரா? அதுவும் உப்பை?

“உப்பு இருக்குதா?” என்றார் டிரில் மாஸ்டர்.

“காலைல வந்து அள்ளிக்கினு போங்க மாஸ்டர்.”

டிரில் மாஸ்டர் அட்டையைப் பார்த்தார். இருக்குது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விறைப்பாக நின்றார்.

“உப்பு இருக்குதா?”

“லோடு வந்துக்கினே இருக்குது மாஸ்டர்.”

“உப்பு இருக்குதா?”

“சக்கரை தரட்டுமா? நல்ல துவரம்பருப்பு வந்திருக்குது.”

“உப்பு இருக்குதா?”

“ஓடுது பாரு, மிஷின் எப்படி ஓடுது பாரு!” என்று ஆமா-இல்லை என் தோளைக் குலுக்கினார். அதற்குள் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. மாஸ்டருக்கு வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்றார் ஒருவர். பட்டாளத்தில் குண்டு பட்டது இப்போதுதான் வேலை செய்கிறது என்றார் இன்னொருவர். ஓர் அம்மாள் தன் வீட்டு உப்பில் ஒரு பிடி கொண்டுவந்து நீட்டினாள். அட்டையில் அம்மாள் இல்லை. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உப்பு இருக்குதா?”

நயினார் எழுந்து நின்றார். “வெளக்கு வச்ச நேரத்துல அந்த வார்த்தையை என் வாயால வரவழைச்சுட்டுத்தான் போவீங்களா? நான் உங்களுக்கு இன்னா துரோகம் பண்ணேன் மாஸ்டர்?” என்று அவர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

நாங்கள் ஓடினோம். “போதும் மாஸ்டர், வாங்க!” என்று கையைப் பிடித்து இழுத்தார் ஆமா-இல்லை.

“அட்டைல அப்படி இல்லையே தம்பி” என்றார் மாஸ்டர், அசையாமல்.

கடைசியில் பெட்டிக்கடையில் ஒரு காலி சிகரெட் பெட்டியை வாங்கிக் கிழித்து, அதில் ‘நில், அறைக்குத் திரும்பு’ என்று எழுதி மூக்குக்கு நேரே நீட்டியபோதுதான் டிரில் மாஸ்டர் ஒரு சல்யூட் அடித்துவிட்டு அபவுட் டர்ன் போட்டார். அன்று உப்பில்லாத உப்புமா சாப்பிட்டோம். அடுத்த சில நாட்களுக்கு நயினார் எங்கள் அறைக்கு எந்தச் சாமானும் கொடுக்கவில்லை. ‘இல்லை’ என்று சொல்லவில்லை, கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆமா-இல்லை சிரித்து மறந்துவிடுவார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. “தப்பு நயினார் மேல இல்ல, மாஸ்டர் மேல இல்ல. நான் ரெண்டு வழிதான் போட்டேன். இந்த ஊரு மூணாவது வழியில நடக்குது தம்பி” என்று பழைய கட்டப் படங்களை எல்லாம் கிழித்துப் போட்டார். புதுப் படங்களில் ஆமாவுக்கும் இல்லைக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வந்தது. ‘சொல்லவில்லை’ என்று அதற்குப் பெயர். ஒரே கேள்வியை மூன்று முறைக்கு மேல் கேட்கக்கூடாது, மூன்றாவது முறையும் பதில் வராவிட்டால் அந்தக் கட்டத்துக்குப் போ, விசாரிக்க ஆளை அனுப்பு என்று அம்பு.

மே மாதம் மெட்ராஸிலிருந்து இன்டர்வியூ வந்துவிட்டது. விவசாய பம்புசெட் விற்கிற கம்பெனி. ஊருக்கு ஊர் டிப்போ. மிஷினுக்குத் துணிந்து ஆர்டர் கொடுத்திருந்தார்கள். ஒரே ஓர் இடம். வராந்தா நிறைய கோட்டும் டையுமாக ஆட்கள். இவர் மட்டும் வெள்ளைச் சட்டையில் உரக்கடை வாசனையோடு போயிருந்தார்.

அங்கே நடந்ததை அவர் வந்து சொன்னபடியே சொல்கிறேன். அவருக்குக் கற்பனை வராது, நம்பலாம்.

வாரா வாரம் ஒவ்வொரு டிப்போவும் கையிருப்பு எத்தனை என்று எழுதி அனுப்பும். எங்கே பம்பு தீர்ந்துவிட்டது என்று மிஷின் சொல்ல வேண்டும். அதற்குப் படம் போடச் சொன்னார்கள். எல்லோரும் இரண்டு கட்டம் போட்டார்கள், இருக்கிறது, இல்லை. இவர் மூன்று போட்டார்.

“இது என்ன மூணாவது?” என்று கேட்டிருக்கிறார் பெரிய அதிகாரி.

“பதிலே வராத டிப்போ சார்.”

“எல்லா டிப்போவும் எழுதி அனுப்பணும்னு கம்பெனி உத்தரவு இருக்கே?”

“உத்தரவு இருக்குது சார். ஆனா டிப்போவுல இருக்கறவரு நம்ம ஊர்க்காரரு. தீர்ந்துபோச்சுன்னு கைப்பட எழுதறதுக்கு அவருக்கு மனசு வராது. லோடு வருதுன்னு எழுதுவாரு. இல்லைன்னா எழுதவே மாட்டாரு.” இதைச் சொல்லிவிட்டு, நயினார், டிரில் மாஸ்டர், உப்பு எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியிருக்கிறார். விழுப்புரம் பக்கத்து அதிகாரி ஒருவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மேஜையில் விழுந்ததாம்.

“கடைசியா இன்னா சொன்னாங்க?” என்று பதறினேன்.

“சொல்லி அனுப்பறோம்னாங்க.”

“அண்ணே, அது ஆமாவா, இல்லையா?”

அவர் காற்றில் விரலால் ஒரு கட்டம் போட்டார். “மூணாவது கட்டம்” என்றார்.

சொல்லி அனுப்பினார்கள். ஆனால் எப்படி? உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், மிஷின் இன்னும் கப்பலேறவில்லை, இங்கே நிலைமை சரியாகி அது வந்து சேர்ந்ததும் அழைக்கிறோம் என்று. ஜூன் வாசலில் வந்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். நைனா மறுபடியும் மாடிப்படி ஏறி வந்தார்.

“வேலை கெடைச்சிடுச்சா?”

“கெடைச்சிடுச்சு நைனா.”

“எப்ப சேரணும்?”

“மிஷின் வந்ததும்.”

“மிஷின் எப்ப வரும்?”

“கப்பல் வந்ததும்.”

“கப்பல்?”

ஆமா-இல்லை கம்பெனிக் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“மாடே வாங்காத வூட்டுல மாட்டுக்காரன் வேலையாடா?” என்றார் நைனா. “கையில இருக்கற எடத்தை வுட்டுட்டு கடல்ல வர்ற எடத்தை நம்பச் சொல்றியா?”

அப்போது, யாரும் கேட்காமல் தானாக ஒரு வார்த்தை பேசி அறியாத டிரில் மாஸ்டர் எழுந்து நின்றார்.

“பெரியவரே, நான் பட்டாளத்துல சேர்ந்தப்ப எங்களுக்குத் துப்பாக்கி வரல. கட்டையைத் தோள்ல வச்சிக்கினுதான் டிரில் பண்ணோம். பார்த்தவன்லாம் சிரிச்சான். துப்பாக்கி வந்தப்ப, அதை எப்படிப் புடிக்கறதுன்னு எங்களுக்குத்தான் தெரிஞ்சுது.”

நைனா மாஸ்டரின் மீசையை வெகுநேரம் பார்த்தார். அதில் ஏதோ நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்ப சாமியார்கிட்ட நான் இன்னா சொல்றது?”

“நான் வரலைன்னு நேராச் சொல்லிடு நைனா.”

“சாமியார் மூஞ்சிக்கு நேரா எப்படிடா அப்படிச் சொல்றது? பார்க்கலாம்னு சொல்லிட்டு வரேன்.”

சாமியாருக்கு அந்தப் ‘பார்க்கலாம்’ நன்றாகவே புரிந்தது. பள்ளிக்கூடம் திறந்தபோது வேறொருவர் சாக்பீஸைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு கப்பலுக்குக் காத்திருந்தது அவர் மட்டுமல்ல. டீ மாஸ்டர் கேட்பார், உரக்கடை முதலாளி கேட்பார், கோபம் தணிந்த நயினார் கல்லாவிலிருந்தே, “தம்பி, கப்பல் எங்க வந்துக்கினு இருக்குது?” என்று விசாரிப்பார். ஏதோ அது செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கப்போகிறது என்பது போல. கற்பனையே வராது என்று நான் சொன்ன இவரும் கொழும்பு தாண்டியிருக்கும், காற்று எதிர்க்காற்று என்று கூசாமல் சொல்வார். அவர் நம்பிக்கை தளர்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் பூசைக்குப் போய்விட்டு வந்தவர், புதுக் கணக்கு வாத்தியார் கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். “நைனா பின்னாடி நின்னுக்கினு அவரையே பார்த்துக்கினு இருந்தாரு தம்பி” என்றார். அன்று முழுவதும் பேனாவைத் தொடவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வாசகசாலை வாசலில் நின்றார்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே தந்திச் சேவகர் வந்தார். மிஷின் இறங்கிவிட்டது, உடனே வா. நைனா வாய்விட்டு அழுததையும், கோவிலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்ததையும் பிறகு கேள்விப்பட்டேன்.

மெட்ராஸ் பஸ் ஏற்றிவிடப் பாதி பஜார் வந்திருந்தது. டிரில் மாஸ்டர் அட்டையில் எழுதாத சல்யூட் ஒன்று அடித்தார். நயினார் வழிக்கு ஒரு பொட்டலம் கடலை கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். நான்கு மாதமாக ஊரே அந்தக் கப்பலுக்கு வேண்டிக்கொண்டது, நானும் எல்லோரையும்விட அதிகமாகவே வேண்டிக்கொண்டேன். ஆனால் பஸ் திரும்பி மறைந்தபோது, அந்தக் கப்பல் இன்னும் ஒரு மாதம் கழித்து வந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.